டல்லாக் மலை உச்சிக்கு ஓடிச் சென்று திரும்ப: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

கலிபோர்னியாவின் தாஹோ ஏரியைத் தென்கரையில் நின்று பார்க்கும்போது, மற்ற சிகரங்களெல்லாம் சற்று விலகி நிற்க, நீரை ஒட்டினாற்போல் மேற்கே கரிய பாறை முகத்துடன் எழுந்து நிற்பது டல்லாக் மலை. கோடையின் தொடக்கத்தில் அதன் முகப்பில் உருகாமல் எஞ்சும் பனி சிலுவை வடிவில் தெரிவதால் தொலைவிலிருந்தே அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். உச்சியின் உயரம் 9,735 அடி, அதாவது 2,967 மீட்டர். கிழக்குப் பக்கத்துப் பாதை ஏறத்தாழ 6,480 அடியில் தொடங்குகிறது. ஆகவே ஐந்து மைல் தூரத்துக்குள் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும், பிறகு அதே ஐந்து மைலில் அதே ஆயிரம் மீட்டரை இறங்க வேண்டும்.

ஃப்ரீமாண்ட், சன்னிவேல், சான் ஹோசே பக்கத்தில் வாழும் தமிழர்களுள் பலர் சாலையில் பத்து கிலோமீட்டரையோ அரை மராத்தானையோ ஓடி முடித்தபின் மலைப்பாதை ஓட்டத்தின் பக்கம் திரும்புவதைக் காண்கிறேன். அவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்பாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உச்சி இந்த ஓட்டத்தின் முடிவு அன்று, அது நடுவழி. ஏறும்போது மூச்சு வாங்கினால் நிற்கலாம், நின்றால் சரியாகிவிடும். ஆனால் தொடையில் வலுவில்லாமல், குடிநீர் தீர்ந்து, வெயில் ஏறிய பிறகு தொடங்கும் இறக்கத்தில் நின்றுகொண்டிருப்பதால் எதுவும் சரியாவதில்லை. பயிற்சி, உணவு, நேரக்கணக்கு ஆகிய எல்லாவற்றையும் இறக்கத்தை முன்னிட்டே திட்டமிட வேண்டும் என்பதே என் அனுபவம்.

பயிற்சி: குறைந்தது எட்டு வாரம்

ஒரு மணி நேரம் சமதரையில் இளைப்பாறாமல் ஓட முடிகிறவர் இந்தப் பயிற்சியைத் தொடங்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இதற்கு ஃப்ரீமாண்டில் உள்ள மிஷன் பீக் என்னும் மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஸ்டான்ஃபோர்டு அவென்யூ பக்கத்திலிருந்து போய் வர ஏறத்தாழ ஆறு மைல். ஏற்றம் 2,100 அடியளவு, அதாவது டல்லாக்கின் ஏற்றத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வாரம் ஒருமுறை அங்கே செல்லுங்கள். முதல் மூன்று வாரம் ஏற்றம் முழுவதையும் விரைநடையாகவே ஏறி, இறக்கத்தை மட்டும் மெதுவாக ஓடுங்கள். அதற்குப் பிறகு, ஏற்றத்தில் சாய்வு குறைகிற இடங்களில் மட்டும் ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இறக்கத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், கீழ்நோக்கி ஓடும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் அடியிலும் அது தடைக்கட்டை போல வேலை செய்கிறது. சமதரையில் எவ்வளவு ஓடினாலும் இந்த வேலைக்குத் தசை பழகாது. அதேசமயம், ஒருமுறை நன்றாக இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையில் குறைவாகவே சேதமடையும். ஆகவே மலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நீண்ட இறக்கப் பயிற்சியை முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் கால்களுக்கு ஓய்வு கொடுங்கள்.

ஏற்றத்தில் நடப்பதை யாரும் குறைவாக எண்ண வேண்டாம். மலைப்பாதை ஓட்டத்தில் தேர்ந்தவர்களும் செங்குத்தான இடங்களில் நடக்கவே செய்கிறார்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடியவில்லை என்றால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். இந்த ஒரு விதி போதும், இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் தேவையில்லை. நடக்கும்போது அடியைச் சிறியதாக வைத்து, உடலைச் சற்று முன்னே சாய்த்து, மிகச் செங்குத்தான இடங்களில் உள்ளங்கைகளைத் தொடைமீது ஊன்றி அழுத்தி ஏறுங்கள்.

எப்போது போவது

ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் இறுதி வரை என்று பொதுவாகச் சொல்லலாம். அதற்கு முன்பு சென்றால், பாதையின் நடுவில் வரும் கதீட்ரல் ஏரிக்கு மேலே உள்ள கிண்ணம் போன்ற சரிவில் கெட்டிப்பட்ட பனி கிடக்கும். அதிகாலையில் அது கண்ணாடி போல் வழுக்கும். சறுக்கினால் கீழே பாறைச் சிதறல்தான் தடுத்து நிறுத்தும். பனிக்கோடரியும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் இல்லாதவர் அந்தச் சரிவைக் கடக்கக் கூடாது. நான் முதன்முறை ஜூன் மாதத்தில் சென்று, அந்தப் பனியின் விளிம்பில் கால் மணி நேரம் நின்று, முன்னால் சென்றவர்களின் காலடிகளைப் பார்த்து ஆசைப்பட்டு, கடைசியில் திரும்பி வந்தேன். அன்று வருத்தமாக இருந்தது உண்மை. இரண்டு மாதம் கழித்து அதே இடத்தைக் காய்ந்த நிலையில் பார்த்தபோதுதான் பனிக்கு அடியில் என்ன மாதிரியான கற்கள் கிடந்தன என்பது தெரிந்தது. 2023 போன்ற பெரும்பனி ஆண்டுகளில் ஜூலையில் செல்ல எண்ணுவோர் அண்மையில் சென்று வந்தவர்களிடமோ வனத்துறை அலுவலகத்திலோ பனி நிலவரத்தைக் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

கோடையில் வேறு இரண்டு கவலைகள் உண்டு. ஒன்று, பிற்பகல் இடிமழை: காலையில் மேகமே இல்லாத வானத்தில் நண்பகலுக்குப் பின் மேகம் திரண்டு மின்னல் இறங்குவது சியரா நெவாடாவில் வழக்கம். உச்சிக்குக் கீழே கடைசி ஒரு மைல் பெரும்பாலும் திறந்த வெளி. அங்கே ஒதுங்க இடமில்லை. இரண்டு, காட்டுத்தீயின் புகை. 2021 ஆகஸ்டில் கால்டோர் தீ நெருங்கியபோது சவுத் லேக் தாஹோ ஊரையே காலி செய்ய வேண்டியிருந்தது. தீ தொலைவில் இருந்தாலும் புகை இந்தப் பள்ளத்தில் நாள்கணக்கில் தங்கிவிடும். காற்றின் தரக் குறியீடு 100-ஐத் தாண்டியிருந்தால் ஓட்டத்தைத் தள்ளிவையுங்கள். உயரத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது அந்தப் புகை முழுவதும் நுரையீரலுக்குத்தான் போகும்.

அனுமதிச் சீட்டும் வனத்தின் சட்டமும்

மலையின் மேற்பகுதி டெசலேஷன் வைல்டர்னஸ் என்னும் காப்பிடத்துக்குள் வருகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் 1964-இல் இயற்றிய வைல்டர்னஸ் சட்டத்தின்கீழ் 1969-இல் இது அறிவிக்கப்பட்டது. பகல்நேரத்துக்கு மட்டும் செல்வோரும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். பாதை தொடங்கும் இடத்தில் உள்ள பெட்டியில் படிவம் இருக்கும். அதை நீங்களே நிரப்பி ஒரு பகுதியைப் பெட்டியில் போட்டு, மறுபகுதியை உடன் எடுத்துச் செல்லலாம், கட்டணம் இல்லை. ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நம்மவர்கள் நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று இருபது பேராகக் கிளம்பும் பழக்கம் உள்ளவர்கள் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

இந்தச் சட்டம் வாகனங்களை மட்டுமல்லாமல் மிதிவண்டியையும் தடுக்கிறது; போட்டி ஓட்டங்களும் பொதுவாக இத்தகைய காப்பிடங்களுக்குள் நடத்தப்படுவதில்லை. உலகின் புகழ்பெற்ற நூறு மைல் ஓட்டமான வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் இதே தாஹோ பகுதியில் தொடங்குகிறது. அதன் பாதையில் உள்ள கிரானைட் சீஃப் பகுதி 1984-இல் வைல்டர்னஸாக அறிவிக்கப்படும் முன்பே அந்த ஓட்டம் நடந்துவந்ததால்தான் அதற்கு விலக்கு கிடைத்தது. அப்போதும் 369 பேருக்கு மேல் ஓட முடியாது என்ற வரம்பு இருக்கிறது. ஆகவே இங்கே ஓடும்போது நேரத்தை முறியடிக்கும் எண்ணத்தைக் கீழேயே விட்டுவிடுங்கள். ஏறி வருபவருக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். குதிரை வந்தால் எல்லோரும் ஒதுங்கி நிற்க வேண்டும். வளைவுகளில் குறுக்கே வெட்டி இறங்கினால் மண் அரித்து, அடுத்த பனி உருகலில் அது ஓடையாகிவிடும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

அடிப்பகுதியில் பல் போன்ற புடைப்புகள் உள்ள மலைப்பாதைக் காலணி வேண்டும். சாலை ஓட்டக் காலணி முதல் இரண்டு மைலுக்குத் தாங்கும், மேலே உள்ள தளர்ந்த கற்களில் தாங்காது. இறக்கத்தில் பாதம் முன்னோக்கி நகர்வதால், விரல் நுனிக்கும் காலணிக்கும் இடையே கட்டை விரல் அகலம் இடைவெளி இருக்கும்படி வாங்குங்கள். இல்லையென்றால் நகம் கறுத்துப்போகும். முதுகோடு ஒட்டி நிற்கும் சிறு ஓட்டப் பை, காற்றைத் தடுக்கும் மெல்லிய மேலாடை, தொப்பி, வெயில் களிம்பு, விசில், தலைவிளக்கு, கொப்புளத்துக்கான ஒட்டுத்துணி, வெள்ளித்தாள் போன்ற அவசரப் போர்வை ஆகியவை போதும். பாதையின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி கைபேசியில் முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவேன் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுவது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

தண்ணீர் இரண்டு லிட்டருக்குக் குறையக் கூடாது. வழியில் இரண்டு ஏரிகள் உண்டு என்றாலும் வடிகட்டாமல் குடித்தால் ஜியார்டியா என்னும் குடல்நோய் வரலாம். கதீட்ரல் ஏரியைத் தாண்டிவிட்டால் கோடையில் நம்பத்தக்க நீர் கிடையாது. வெறும் நீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும் என்பதால், ஒரு குப்பியில் எலுமிச்சை, சர்க்கரை, உப்பு கலந்து எடுத்துச் செல்லுங்கள். உணவு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற கணக்கில் இருக்கட்டும். கடையில் விற்கும் இனிப்புக் கூழ் பொட்டலங்கள் எல்லோர் வயிற்றுக்கும் ஒத்துவருவதில்லை. எனக்குப் பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும், உச்சியில் உட்கார்ந்து சாப்பிடச் சிறு டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் நன்றாகவே உதவியிருக்கின்றன. எதுவாக இருந்தாலும் மிஷன் பீக்கில் ஓடும்போதே சாப்பிட்டுப் பழகுங்கள்.

அந்த நாள்

வளைகுடாப் பகுதி கடல்மட்டத்தில் இருக்கிறது. தாஹோ ஏரியின் நீர்மட்டமே 6,225 அடியில் இருக்கிறது. நள்ளிரவில் காரில் கிளம்பி, நான்கு மணி நேரம் ஓட்டி, இறங்கியவுடன் மலையேறுவது இரண்டு வகையில் தவறு: தூக்கமும் இல்லை, உயரத்துக்கு உடல் பழக நேரமும் இல்லை. முந்தைய நாளே சென்று ஓர் இரவாவது தங்குங்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 சதவீதம்தான் என்பதால், ஊரில் எளிதாக வரும் வேகம் இங்கே வராது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் அதற்கு மருந்து கீழே இறங்குவதுதான்.

50-ஆம் நெடுஞ்சாலையில் வந்து, உள்ளூரார் 'ஒய்' என்று அழைக்கும் சந்திப்பில் 89-ஆம் சாலையில் திரும்பி ஏறத்தாழ நான்கு மைல் சென்றால், வலப்புறம் பால்ட்வின் கடற்கரை என்னும் ஏரிக்கரைக்கு வழி பிரியும். அதற்கு எதிரே இடப்பக்கம் செல்லும் சிறு சாலைதான் நமக்கு வேண்டியது. அதற்கு முன்பே வரும் டல்லாக் வரலாற்று இடம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். அது ஏரிக்கரையில் உள்ள பழைய மாளிகைகள் இருக்கும் இடம். வார இறுதியில் வாகன நிறுத்தம் விடிந்த சிறிது நேரத்தில் நிரம்பிவிடும். காருக்குள் உணவுப்பொருள் எதையும் விடாதீர்கள். கருங்கரடிகள் கார்க் கதவைத் திறக்கக் கற்றிருக்கின்றன.

காலை ஆறரைக்குள் ஓடத் தொடங்குங்கள். கிழக்கு நோக்கிய மலை என்பதால் காலை வெயில் நேராக முதுகில் விழும். முதல் மைல் பைன் மரங்களுக்கிடையே எளிதாக ஏறி, பழைய பனியாறு குவித்துவிட்டுப் போன ஒரு நீண்ட மண்மேட்டின் முகட்டில் கொண்டுவிடும். இடப்புறம் கீழே ஃபாலன் லீஃப் ஏரி முழுவதுமாகத் தெரியும். ஓட ஏற்ற இடம் இதுதான். ஓடலாம், ஆனால் அடக்கி ஓடுங்கள். அங்கிருந்து காட்டுக்குள் புகுந்து, 1.7 மைல் அளவில் ஃபுளோட்டிங் ஐலண்ட் ஏரியை அடையலாம். புல் படிந்த மண்திட்டுகள் மிதந்ததால் வந்த பெயர் அது. அடுத்த முக்கால் மைலில் கதீட்ரல் ஏரி வரும். இங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து, சாப்பிட்டு, உடல்நிலையைச் சோதித்துக்கொள்ளுங்கள். களைப்பாக இருந்தால் இந்த ஏரியையே அன்றைய இலக்காகக் கொண்டு திரும்பலாம். அழகில் குறைந்த இடம் அன்று இது.

ஏனெனில் இதற்குப் பிறகு பாதையின் குணம் மாறிவிடும். நிழல் குறைந்து, பாறைச் சிதறலின் குறுக்கே பாதை செங்குத்தாக ஏறும். இங்கே ஓட்டம் இல்லை, நடைதான். ஒவ்வொரு கல்லையும் காலால் சோதித்து, எடையை மெல்ல ஏற்றுங்கள். கிண்ணத்தின் மேல்விளிம்பை எட்டியதும் சாய்வு தணிந்து, காட்டுப்பூக்கள் நிறைந்த அகன்ற சரிவில் பாதை வளைந்து செல்லும். மேற்கே காப்பிடத்தின் உள்மலைகள் வரிசையாகத் தென்படத் தொடங்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே கில்மோர் ஏரியிலிருந்து வரும் பாதை வந்து சேர்கிறது. அந்தச் சந்திப்பை நின்று திரும்பிப் பார்த்து, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது உற்சாகத்தில் வேறு பக்கம் ஓடிவிட்டால், காருக்கு வெகு தொலைவில் போய்ச் சேர்வீர்கள்.

கடைசிப் பகுதி தட்டுத் தட்டாக உடைந்த கரும்பாறை. ஏறி நின்றதும் தாஹோ ஏரி 35 கிலோமீட்டர் நீளத்துக்கும் ஒரே பார்வையில் விரியும். அருகே ஃபாலன் லீஃப் ஏரியும், எமரால்டு விரிகுடாவும், மறுபுறம் கில்மோர் ஏரியும் வெவ்வேறு நீலத்தில் கிடக்கும். தாஹோவின் ஆழம் 501 மீட்டர் என்று படித்திருந்தபோது அது ஓர் எண்ணாகவே இருந்தது; கரையோரப் பச்சை சட்டென்று கருநீலமாக மாறும் கோட்டை மேலிருந்து பார்த்தபோதுதான் அந்த ஆழம் எனக்குப் புரிந்தது. உச்சியின் ஏரிப்பக்கம் நேர் செங்குத்து. படம் எடுப்பதற்காக விளிம்புக்குப் பின்வாங்கிச் செல்லும் வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும்.

திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். நான் பதினொரு மணி என்று வைத்துக்கொள்கிறேன்: உச்சிக்கு இன்னும் கால் மைல் இருந்தாலும், பதினொன்று ஆனால் திரும்ப வேண்டும். மேகம் திரண்டால் அதற்கு முன்பே.

இறக்கம்

உச்சியின் உடைந்த பாறைகளைத் தாண்டியதும், கிண்ணத்தின் விளிம்பு வரை மண்பாதை நன்றாக ஓடவிடும். பாறைச் சிதறலை நடந்தே கடக்க வேண்டும். கதீட்ரல் ஏரிக்குக் கீழே மீண்டும் ஓடலாம். ஓடும்போது கண் காலடியில் இருக்கக் கூடாது, மூன்று நான்கு மீட்டர் முன்னே இருக்க வேண்டும். கால் எங்கே விழப்போகிறது என்பதைக் கண் முன்பே தீர்மானித்துவிட்டால் உடல் தானாகப் பின்தொடரும். அடிகள் சிறியவையாகவும் விரைவானவையாகவும் இருக்கட்டும். பயத்தில் உடலைப் பின்னே சாய்க்கும்போது குதிகால் முதலில் ஊன்றி, சரளையில் வழுக்கிவிடும். சரிவோடு ஒட்டிச் சற்று முன்சாய்ந்தால்தான் பாதம் முழுவதும் பிடிக்கும். கைகளைச் சிறகு போல் விரித்துச் சமநிலைக்குப் பயன்படுத்துங்கள்.

கடைசி இரண்டு மைலில்தான் கவனம் வேண்டும். பாதை எளிதாகி, காரும் நெருங்கிவிட்டது என்ற எண்ணத்தில் கால் தூக்குவது குறைந்து, கையளவு வேரில் இடறி விழுவோம். எனக்கும் முழங்கால் கிழிந்தது செங்குத்துப் பாறையில் அல்ல, அந்த எளிய காட்டுப் பகுதியில்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் நடந்தால் தசையும் கவனமும் மீளும். வளைவுகளில் குரல் கொடுத்துக்கொண்டே வாருங்கள். கரடியைக் கண்டால் ஓடாதீர்கள், ஓடினால் துரத்தத் தூண்டியதாகும். நின்று, உயரமாகக் கையைத் தூக்கி, உரக்கப் பேசி, அது விலகிச் செல்ல இடம் விடுங்கள்.

காரை அடைந்ததும் உடனே ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து நான்கு மணி நேரம் மடங்கிய காலுடன் வீடு திரும்ப வேண்டாம். பால்ட்வின் ஏரிக்கரை அருகிலேயே இருக்கிறது. முழங்கால் வரை அந்தக் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, உப்பும் சோறுமாக நன்றாகச் சாப்பிட்டு, முடிந்தால் அன்றிரவும் தங்கிவிடுங்கள். தொடைவலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள் கூடும். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்ற வேண்டியிருக்கும். அந்த வாரம் ஓடாமல் சமதரையில் நடந்தாலே போதும். ஐந்தாறு நாளில் வலி தணிந்துவிடும். ஒரே இடத்தில் குத்தும் வலி அதற்கு மேலும் நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.